எண் இல்லாத வலை

சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வார்த்தெடுக்கும் ஒவ்வொரு டயரின் பக்கச்சுவரிலும், குனிந்து பார்த்தால், நான்கு இலக்க எண் ஒன்று பொறித்திருக்கும். 2324 என்றிருந்தால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் பிறந்த டயர் அது. அதற்கு முன்னால் இருக்கும் எழுத்துகளைக் கொண்டு எந்த ஆலையில் பிறந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். பக்கத்திலேயே ஐ.எஸ்.ஐ. முத்திரை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையோரம் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் இந்த எண்ணைப் படிக்கத் தெரியும். "அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு சார், மாத்திடுங்க" என்பார்.

அந்த டயருக்குள் நைலான் இருக்கிறது. லாரிகளின் பழைய பாணி டயரில் உடம்பே நைலான் இழைதான். காரின் ரேடியல் டயரில் எஃகுப் பட்டைக்கு மேலே ஒரு நைலான் உறை உண்டு. வேகம் கூடும்போது பட்டை பிரிந்துவிடாமல் இறுக்கிப் பிடிப்பது அதன் வேலை. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜே.கே. டயர், சியட் என்று இந்தத் தொழிற்பட்டையில் டயர் ஆலைகள் கூடியிருப்பதால், இங்கே நைலான் இழைக்குத் தீராத பசி. சென்னைக்கு வடக்கே மணலியில் எஸ்.ஆர்.எஃப். நிறுவனம் 1974லேயே டயருக்கான நைலான் இழை நூற்கத் தொடங்கிவிட்டது.

ஒரகடத்திலிருந்து கிழக்கே நேர்கோடு போட்டால் முப்பது, முப்பத்தைந்து கிலோமீட்டரில் கோவளம் கடற்கரை. அங்கே மணலில் குவித்து வைத்திருக்கும் செவுள் வலையும் நைலான் 6 தான். டயரின் கூடப்பிறந்தது என்றே சொல்லலாம்: ஒரே மூலப்பொருள், ஏறக்குறைய ஒரே உலை, ஒரே விதமான நூற்பு. ஆனால் வலையை எங்கே புரட்டிப் பார்த்தாலும் எண் கிடையாது. எந்த ஆண்டு, எந்த ஆலை, யாருடையது, எதற்கும் அடையாளம் இல்லை. அப்படி அடையாளமில்லாமல் கடலுக்குள் போகும் பிறவியின் கதைதான் இது. நடுவில் ஓங்கல்கள் வரும். டால்பின் என்று நகரத்தில் சொல்வதைத் தென் கரையில் ஓங்கல் என்கிறார்கள்.

நைலான் 6 பிறந்தது ஜெர்மனியில். அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் கரோதர்ஸ் 1935இல் முதல் நைலானைக் கண்டுபிடித்துக் காப்புரிமைகளால் வேலி போட்டுவிட்டார். அந்த வேலியைத் தாண்ட வேறு வழி தேடிய ஐ.ஜி. ஃபார்பன் நிறுவன வேதியியலாளர் பால் ஷ்லாக், 1938இல் கேப்ரோலாக்டம் என்ற ஒரே பொருளைச் சூடாக்கி நீண்ட சங்கிலியாக்கினார். இன்றுவரை அதே வழிதான். வெள்ளைச் செதில்களாக இருக்கும் கேப்ரோலாக்டம் இந்தியாவில் வதோதராவில் குஜராத் அரசு உர நிறுவனத்திலும், கொச்சிக்கு அருகே உத்யோகமண்டலில் ஃபாக்ட் ஆலையிலும் தயாராகிறது. இரண்டுமே உர ஆலைகள் என்பது விநோதமாகத் தோன்றும். ஆனால் கேப்ரோலாக்டம் செய்யும்போது கூடவே அம்மோனியம் சல்பேட் கிடைக்கும். ஒரு கொதிகலனிலிருந்து வயலுக்கு உரமும் கடலுக்கு வலையும்.

சங்கிலியான நைலானை உருக்கி, நுண்ணிய துளைகள் வழியே பிழிந்து, குளிரவைத்து, நான்கைந்து மடங்கு நீளத்துக்கு இழுக்கிறார்கள். இழுக்க இழுக்க மூலக்கூறுகள் ஒரே திசையில் அணிவகுத்து, இழைக்கு வலு வந்துசேரும். அறுந்துபோகும் முன் கால் பங்கு அளவு நீளக்கூடியது. பள்ளத்தில் விழும் டயருக்கு இந்த நெகிழ்வு வேண்டும். திமிறும் வஞ்சிரத்தைப் பிடித்துவைக்கும் வலைக்கும் இதே நெகிழ்வுதான் வேண்டும். ஒற்றை இழையாகக் கண்ணாடிபோல் இழுத்தால் அது தங்கூசி. பல இழைகளை முறுக்கினால் வலை நூல்.

நூல் அடுத்துப் போகும் ஊர்களில் முக்கியமானது நாகர்கோவில் வட்டாரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் வலை ஆலைகள் நிறைய. ஆளுயர எந்திரத்தில் நூற்றுக்கணக்கான நூல்கள் ஒரே நேரத்தில் முடிச்சாகி வலையாக இறங்கும் சத்தத்துக்கு நடுவே பேச்சு கேட்காது. முடிச்சு அவிழாமலிருக்க வலையை வெப்பத்தில் இழுத்து இறுக்குவார்கள். இந்த எந்திரங்கள் வருவதற்கு முன் அந்த முடிச்சுகளைப் போட்டவர்கள் அதே கரையின் பெண்கள். மூங்கில் ஊசியில் நூலைச் சுற்றி, கண்ணி அளவுக்கு ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு, வீட்டுத் திண்ணையில் வலை முடிந்தார்கள். கையில் காசு தந்த வேலை அது. எந்திரங்கள் வந்தபோது அந்தப் பெண்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள், ஆனாலும் எந்திரமே நிலைத்தது. நைலானின் வரலாற்றை மீன் கணக்கில் மட்டும் எழுதுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் முன்னால் இருந்தது பருத்தி, சணல் வலைகளின் காலம். ஈரம் பட்டால் அழுகும். ஒவ்வொரு முறையும் உலர்த்த வேண்டும். பனிச்சங்காய்ச் சாறு, புளியங்கொட்டைப் பசை, மரப்பட்டைக் கஷாயம் என்று ஏதாவது ஒன்றில் முக்கி எடுக்க வேண்டும். கடற்கரைக் கிராமங்களில் வலை சாயம் போடும் அண்டாக்கள் இருந்தன. தண்ணீரில் அந்த வலை தடித்துத் தெரிந்ததால் மீன் விலகிப் போகும். கைவிட்டுப் போனால் சில மாதங்களில் மட்கிவிடும். 1950களில் கொல்லம் அருகே நீண்டகரையில் இந்தோ–நார்வே திட்டம் வந்தது. கொச்சியில் 1957இல் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கியது. நைலான் வலை கரைகரையாகப் பரவியது. பருத்தி வலையைவிடப் பல மடங்கு மீன், உலர்த்தும் வேலை இல்லை, அழுகல் இல்லை. அதை வேண்டாம் என்று சொல்லியிருக்கக்கூடிய மீனவர் யாரும் இருந்திருக்க முடியாது. நானாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஆலையிலிருந்து வரும் வலை வெறும் துணி மாதிரி. அதற்கு உருவம் கொடுப்பது கரையில்தான். மேல் கயிற்றில் மிதப்புகள், கீழ் கயிற்றில் ஈயக் குண்டுகள். நைலான் கடல்நீரைவிடச் சற்றுக் கனமானது, தானாகவே அமிழும். மேலே மிதப்பும் கீழே ஈயமும் சேர்ந்துதான் அதைத் தண்ணீருக்குள் திரைச்சீலைபோல நிறுத்துகின்றன. எத்தனை மிதப்பு, எவ்வளவு ஈயம், மிதப்புக்கும் வலைக்கும் நடுவே எவ்வளவு நீளக் கயிறு என்பதெல்லாம் அந்த ஊரின் அனுபவம். இந்தக் கடைசி விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சூரைக்கும் வஞ்சிரத்துக்கும் போடுவது வழி வலை. கடலடியில் ஊன்றாமல் நீரோட்டத்தோடு மிதந்துபோகும். ஒரு துண்டோடு இன்னொரு துண்டைக் கோத்துக் கிலோமீட்டர் கணக்கில் நீளும். தூத்தூர் பக்கத்து மீனவர்கள் குமரிக் கரையிலிருந்து கிளம்பி, கொச்சியைத் தளமாகக்கொண்டு அரபிக் கடல் முழுக்கச் சுற்றுகிறவர்கள். தூண்டிலும் வலையுமாக வாரக்கணக்கில் கடலில் இருப்பார்கள். சாயங்காலம் வலை விடுவார்கள். விடியும் முன் வலிப்பார்கள். இருட்டில் மீனுக்குத் தங்கூசி தெரியாது என்பதுதான் காரணம்.

அந்த இருட்டில்தான் ஓங்கல்களும் வேலைக்குக் கிளம்புகின்றன.

ஸ்பின்னர் டால்பின் என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீரிலிருந்து எம்பி, அச்சில் சுழலும் பம்பரம்போல உடலைத் திருப்பி விழுவதால் அந்தப் பெயர். இந்தியப் பெருங்கடலின் வழி வலைகளில் அதிகம் சிக்கும் இனங்களில் இதுவும் ஒன்று. பகலில் இவை கூட்டமாக ஓய்வெடுக்கும். மூளையின் ஒரு பாதி உறங்க, மறுபாதி விழித்திருக்கும், ஏனென்றால் இவற்றுக்கு மூச்சு தானாக வராது. மேலே வந்து, நினைத்து, விட வேண்டும். இரவில் ஆழத்திலிருந்து மேலேறி வரும் சிறு மீன்களையும் கணவாய்களையும் தின்னப் போகும். அந்த மீன்களின் பின்னால் சூரையும் வரும். சூரையின் பின்னால் வலை வந்திருக்கும். மஞ்சள் துடுப்புச் சூரையும் சில டால்பின் இனங்களும் ஒன்றாகவே திரிவது உலகெங்கும் தெரிந்த விஷயம். கிழக்குப் பசிபிக்கில் இந்த நட்பைப் பார்த்துத்தான் 1950களின் கடைசியிலிருந்து அமெரிக்கப் படகுகள் டால்பின் கூட்டத்தைத் துரத்தி, அதைச் சுற்றியே சுருக்குவலையை வளைத்தன. பல லட்சம் டால்பின்கள் செத்தபின் 1972இல் அங்கே சட்டம் வந்தது. நம் பக்கத்தில் துரத்தல் இல்லை. நீரோட்டத்தில் சும்மா தொங்கும் வலையிலேயே அவை வந்து மாட்டிக்கொள்கின்றன.

இவ்வளவு கூர்மையான பிராணிக்கு வலை தெரியாதா என்பது நியாயமான கேள்வி. டால்பின் நெற்றியிலிருந்து ஒரு வினாடிக்குப் பத்து இருபதிலிருந்து சில நூறு சொடுக்கொலிகளை அனுப்பி, எதிரொலியைக் கீழ்த்தாடை வழியே கேட்கும். மணலுக்குள் புதைந்த மீனையும் கண்டுபிடிக்கும். ஆனால் எதிரொலி வருவதற்கு, எதிரே உள்ள பொருள் தண்ணீரிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். காற்று நிரம்பிய மிதப்பு பளிச்சென்று ஒலிக்கும். மீனின் காற்றுப்பை ஒலிக்கும். நைலானோ அடர்த்தியில் தண்ணீருக்கு வெகு அருகில், இழையும் மெல்லியது. அதிலிருந்து திரும்பும் ஒலி சன்னமானது. கடற்பன்றி போன்ற சிறு இனங்கள் சில மீட்டர் தூரத்தில்தான் வலையை உணர முடியும். பெரிய டால்பின்கள் இன்னும் கொஞ்சம் முன்னதாக. அதுவும் வலையை நேரெதிராகப் பார்த்தால். சாய்வாக வந்தால் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். சொடுக்கொலி டார்ச் வெளிச்சம்போல முன்னால் மட்டுமே பாய்வது இன்னொரு குறை. எல்லா நேரமும் அவை ஒலி அனுப்புவதும் இல்லை. ஓய்வில், பழகிய நீரில், சும்மாவே நீந்தும். பசியில் ஒரு மீனைக் குறிவைத்துவிட்டால் அந்த மீனின் எதிரொலிதான் கேட்கும், பின்னால் இருக்கும் திரையின் முணுமுணுப்பு கேட்காது.

தெரிந்தே வருவதும் உண்டு. மீனவர்களைக் கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். வலையில் மாட்டிய மீன் ஓடாது. ஓங்கலுக்கு அது பந்தி. உடலைக் கடித்து இழுத்து, தலையை மட்டும் வலையில் விட்டுவிட்டுப் போகும். கூடவே கண்ணிகள் கிழியும். ஒரு இரவின் மீனும் ஒரு வாரத்துத் தையலும் போகும். டீசல் கடனில் இருக்கிறவரிடம் டால்பினின் புன்னகையைப் பற்றிப் பேசக் கூடாது. (அது புன்னகையே இல்லை. தாடை எலும்பின் வளைவு. செத்துக் கிடந்தாலும் அப்படித்தான் இருக்கும்.)

சிக்கினால் என்ன நடக்கும் என்பது கொடுமை. மூக்கோ, துடுப்போ, வாலோ ஒரு கண்ணியில் நுழையும். பின்னால் போகத் தெரியாத உடல். திமிறி உருளும், வலை இன்னும் சுற்றும். ஸ்பின்னருக்குச் சுழல்வதே சுபாவம். பெரும்பாலான சிறு இனங்களால் சில நிமிடங்களே மூச்சடக்க முடியும். வழி வலையோ விடிய விடியத் தண்ணீரில். கடைசிவரை அது தலைமேல் இருக்கும் மூச்சுத்துளையைத் திறந்து நீரை உள்ளிழுக்காது. மேலே வந்தால்தான் மூச்சு என்று உடம்பில் எழுதியிருப்பதால், மூச்சடைத்தே சாகும். தாய் மாட்டினால் குட்டி அந்த இடத்தைவிட்டுப் போகாது. கூட்டமும் சுற்றிச் சுற்றி வரும்.

இந்தக் கூட்டப் பற்று எவ்வளவு வலியது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கரையில் வைத்தே பார்த்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு, ஆலந்தலைப் பக்கம் எண்பதுக்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரையேறின. பெயரில் திமிங்கிலம், குடும்பத்தால் டால்பின். மீனவர்கள் படகில் கட்டி இழுத்து ஆழத்தில் விட்டார்கள். விட்டவற்றில் சில மறுபடி கரைக்கே வந்தன, கரையில் கிடந்தவற்றிடம். இதே கரையில் 1973 ஜனவரியிலும் 147 கரையொதுங்கியிருந்தன. அங்கே வலை காரணமில்லை. ஆனாலும் வலைக்கு வெளியே நிற்கும் ஓங்கல் ஏன் தப்பி ஓடுவதில்லை என்பது மணப்பாட்டை நினைத்தால் புரியும்.

எத்தனை சாகின்றன? சார்லஸ் ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2020இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் சூரை செவுள் வலைகளில் 1950 முதல் 2018 வரை சிக்கிய சிறு திமிங்கில இனங்கள், பெரும்பாலும் டால்பின்கள், சுமார் 41 லட்சம். 2004–06 காலத்தில் உச்சம், ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம். அதன்பின் வலைகள் கூடியும், சிக்கும் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. நல்ல செய்தி என்று நினைத்துவிடக் கூடாது. வலை வருவதற்கு முன் இருந்ததில் சராசரியாக 13 சதவீதமே மிச்சம் இருக்கலாம் என்கிறது அதே கட்டுரை. பிடிபட ஆள் குறைந்துவிட்டதால் வந்த குறைவு அது. அதிகம் பிடிக்கும் நாடுகளின் வரிசையில் ஈரான், இந்தோனேசியாவோடு இந்தியாவும் இலங்கையும் பாகிஸ்தானும் உண்டு.

இந்த எண்கள் கொஞ்ச இடங்களில் நேரில் பார்த்த கணக்கை வைத்துக் கடல் முழுக்க விரித்தவை. அப்படித்தான் செய்ய முடியும், ஏனென்றால் யாரும் எழுதிவைப்பதில்லை. ஏன் எழுதுவதில்லை என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் டால்பின் இருக்கிறது, புலியோடு ஒரே பட்டியலில். தண்டனை 3 ஆண்டு முதல் 7 ஆண்டு வரை சிறை. வேண்டுமென்று கொல்லவில்லை, வலையில் செத்துக் கிடந்தது என்று துறைமுகத்துக்கு எடுத்துவந்து சொல்ல எந்த ஓட்டுநருக்கு மனம் வரும்? துடுப்பை அறுத்து வலையை மீட்டு, உடலைக் கடலிலேயே விட்டுவிடுவார்கள். முன்பெல்லாம் சுறாத் தூண்டிலுக்கு இரையாகவும் அந்தக் கறி போனது. பேச்சும் கடலிலேயே முடிந்துவிடும். கரையொதுங்கும் உடலில் வலைத் தழும்பு இருந்தால் வனத்துறை அறிக்கை எழுதும். அந்தத் தழும்பு எந்த வலையுடையது என்று கேட்க வழியில்லை. சட்டம் வேண்டும்தான். ஆனால் பயத்தை மட்டும் தந்து கணக்கை மறைத்துவிடும் சட்டத்தால் ஓங்கலுக்கு என்ன லாபம் என்று எனக்குச் சந்தேகம்.

வேறு வழியைச் சிலர் காட்டியிருக்கிறார்கள். மகாராஷ்டிராவில், பாதுகாக்கப்பட்ட உயிர் சிக்கினால் வலையை அறுத்து விடுவித்ததற்கான ஆதாரம் காட்டும் மீனவருக்கு 2018இலிருந்து அரசு இழப்பீடு தருகிறது. குஜராத்தில் அதற்கும் முன்பே அம்மணி உழுவைச் சுறாவுக்கு இதைச் செய்தார்கள். நம் பாக் விரிகுடாவில், கடற்பசுவை உயிரோடு விட்ட மீனவர்களை வனத்துறை மேடையேற்றிப் பரிசு தந்திருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை கரைகளை ஒட்டி 448 சதுர கிலோமீட்டர் கடற்பசு காப்பகம் 2022இல் அறிவிப்பானபோது எதிர்ப்பு பெரிதாக எழாததற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

இப்போது அந்தக் கயிற்று நீளத்துக்கு வருவோம். பாகிஸ்தானின் சூரைப் படகுகளில், உலக இயற்கை நிதியம் மீனவர்களோடு சேர்ந்து ஒரு சின்ன மாற்றம் செய்து பார்த்தது: மிதப்புக்கும் வலையின் மேல் கயிற்றுக்கும் இடையே நீளமான கயிறு கட்டி, வலை நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே தொங்கும்படி விட்டார்கள். மேற்பரப்புக்கு மூச்சுவாங்க வந்துபோகும் ஓங்கல்களுக்கு அந்த 2 மீட்டர் வாசல். சிக்கிய எண்ணிக்கை நான்கில் மூன்று பங்குக்கும் மேல் குறைந்தது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையமும் 2019இல் இந்த 2 மீட்டரைத் தன் தீர்மானத்தில் எழுதியது. மற்ற யோசனைகளும் உண்டு. வலையில் மாட்டும் பிங்கர் என்ற ஒலிப்பான் கலிஃபோர்னியாவில் பலன் தந்தது. ஆனால் பேட்டரி, விலை, பராமரிப்பு என்று செலவு, சில இடங்களில் அந்தச் சத்தத்தையே சாப்பாட்டு மணியாக டால்பின் புரிந்துகொண்டுவிடுகிறது. பெருவில் வலையில் பச்சை விளக்கு. ஜெர்மனியின் ட்யூனன் நிறுவனம் வலைக் கண்ணிகளில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான அக்ரிலிக் மணிகளைக் கோத்து, எதிரொலி பளிச்சென வரச் செய்து பார்த்தது. கடற்பன்றியின் அலைவரிசைக்கு ஏற்றபடி அளவிட்ட மணிகள். அழகான யோசனை. கிலோமீட்டர் கணக்கில் யார் கோப்பது என்பதுதான் பாக்கி. என் வாக்கு கயிற்றுக்குத்தான். எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மீனவரும் கட்டிவிடலாம், மின்சாரம் வேண்டாம்.

வலையின் முதுமைக்கு வருவோம். வெயிலும் உப்பும் பாறையும் நண்டும் சேர்ந்து அதைத் தேய்க்கும். கிழிந்த இடத்தைப் பொத்துவார்கள், ஒரு கட்டத்தில் பொத்துவதைவிடப் புதிது மலிவு. அதற்கு முன்பே பல வலைகள் காணாமல் போய்விடும்: புயல், கப்பல், இழுவைப் படகு, பாறை, சில நேரம் திருட்டு. அறுந்த வலை மிதப்பு இருக்கும்வரை மிதந்து மீன் பிடித்துக்கொண்டே போகும், வலிக்க ஆளில்லாமல். மிதப்பு பிய்ந்ததும் அமிழும். மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளில் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் முக்குளித்துப் பார்த்தபோது, குப்பையில் பெரும்பங்கு இப்படி வந்த வலைகள்தான். பருத்தியாக இருந்தால் சில மாதத்தில் மட்கியிருக்கும். மீனவருக்கு வரமாக வந்த அழியாமை இங்கே முருகைக்கல்லின் கழுத்தில் சுற்றிக்கொண்டு நிற்கிறது.

கரைக்கு வந்து சாகும் வலைக்கு வேறு கதி. ஈயத்தைப் பிரிப்பார்கள், மிதப்பைப் பிரிப்பார்கள், கயிறு தனி, நைலான் தனி. தோட்டத்து வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் கொஞ்சம் போகும், மிச்சம் எடைக்கு. 2024இல் காசிமேடு துறைமுகத்தில் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பழைய வலைகளைக் காசு கொடுத்து வாங்கும் மையம் ஒன்றைத் திறந்தது. நைலான் 6க்கு ஒரு நல்ல குணம் உண்டு: மறுபடி கேப்ரோலாக்டமாகவே உடைக்கலாம். இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் ஸ்லோவேனியாவில் 2011இலிருந்து பழைய வலைகளையும் கம்பளங்களையும் அப்படி உடைத்துப் புது இழை நூற்கிறது. பி.எம்.டபிள்யூ. ஐஎக்ஸ் காரின் தரைவிரிப்பு அந்த இழையில் ஆனது. டச்சு நிறுவனமான டி.எஸ்.எம். இந்தியப் பெருங்கடல் கரைகளில் சேகரித்த வலைகளை உருக்கிக் குருணையாக்கியது. சாம்சங் 2022இல் கேலக்ஸி எஸ்22 பேசியின் உள்பாகங்கள் சிலவற்றை அதில் வார்த்ததாக விளம்பரம் செய்தது. ஸ்ரீபெரும்புதூர்க்காரர்கள் பெருமைப்பட அவசரப்பட வேண்டாம். இங்குள்ள சாம்சங் ஆலை பெயர்பெற்றது குளிர்பெட்டிக்கும் சலவை எந்திரத்துக்கும்தான், பேசிகளுக்கு நொய்டா. இருந்தாலும் இந்தப் பட்டையின் வார்ப்படக் கூடங்களில் காரின் மின்விசிறிச் சட்டம், என்ஜின் மூடி, கேபிள் கட்டு என நைலான் 6 தினமும் உருகிக்கொண்டிருக்கிறது. அந்தக் குருணை எங்கிருந்து வந்தது என்று அச்சு எந்திரத்துக்குத் தெரியாது.

இதையெல்லாம் கேட்டு மகிழ்ந்துபோய்ப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. மறுசுழற்சிக்கு வருவது கரைக்கு வந்த வலை. ஓங்கலைக் கொன்றது வேலையில் இருந்த வலை. விளம்பரத்தில் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

திரும்பவும் டயரைப் பாருங்கள். 2022 ஜூலையில் திருத்திய மத்திய அரசு விதிகளின்படி, டயர் தயாரிப்பவர் எத்தனை டன் விற்றாரோ அதற்கேற்பப் பழைய டயரை மறுசுழற்சி செய்ததற்கான சான்றைக் காட்ட வேண்டும். அதே 2022இல் பிளாஸ்டிக் உறைகளுக்கும் இப்படியொரு பொறுப்பு வந்தது, பிஸ்கட் பாக்கெட் வரைக்கும். வலை இந்த இரண்டிலும் சேரவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் ஆண்டு பிளாஸ்டிக் உத்தரவு மீன்பிடிக் கருவிகளையும் உற்பத்தியாளர் பொறுப்பில் சேர்த்தது. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2018இலேயே கருவிகளுக்கு அடையாளமிடும் தன்னார்வ நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது: வலையின் கயிற்றில் ஒரு வில்லை, அதில் படகின் எண். நம்மிடம் படகுக்கு எண் இருக்கிறது, ஐ.என்.டி. டி.என். என்று தொடங்கிப் பக்கவாட்டில் பெரிதாக எழுதியிருக்கும். மீனவருக்கு அடையாள அட்டை இருக்கிறது. படகில் செயற்கைக்கோள் கருவி பொருத்துகிறார்கள். வலைக்கு மட்டும் ஒன்றுமில்லை.

வில்லை ஓங்கலைக் காப்பாற்றாது. அது செய்வது வேறு. தொலைந்த வலையைத் தொலைந்தது என்று எழுத முடியும், கரையொதுங்கிய உடலைச் சுற்றிய வலை எந்த வகை, எந்தக் கண்ணி என்று தெரியும், எந்தப் பருவத்தில் எந்த ஆழத்தில் அதிகம் சிக்குகிறது என்று கணக்கு சேரும். ஆனால் சொன்னவரைப் பிடித்து உள்ளே போட்டால் முதல் வாரத்திலேயே எல்லா வில்லையும் கடலுக்குள் போய்விடும். இழப்பீடும் மன்னிப்பும் முதலில், வில்லை அதன் பிறகு. இந்த வரிசை மாறக் கூடாது. வில்லைக்கான செலவை மீனவர் தலையில் கட்டவும் கூடாது. டயருக்கு எண் போடும் செலவை லாரி ஓட்டுநரிடமா கேட்கிறோம்? வலை ஆலையே வில்லையை வலையோடு சேர்த்துத் தரலாம், கரையில் மேல் கயிறு கோக்கும்போது கட்டிவிடலாம்.

நேரமும் கைவசம் இருக்கிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். படகுகள் கட்டிக் கிடக்கும். வலைகள் துறைமுகத் தளத்தில் விரிந்திருக்கும், ஆட்கள் நிழலில் உட்கார்ந்து பொத்திக்கொண்டிருப்பார்கள். மீன்வளத் துறை அதிகாரிகள் அந்த வாரங்களில் படகுகளை ஒவ்வொன்றாக ஆய்வு செய்ய எப்படியும் வருகிறார்கள்: என்ஜின், நீளம், நிறம், பதிவு எண். படிவத்தில் வலைக்கு ஒரு பத்தி சேர்த்து, மேல் கயிறு எத்தனை மீட்டர் கீழே இறங்குகிறது என்றும் ஒரு கேள்வி கேட்கலாம்.